நல்லியல்புக் கடத்தியும் மின்காந்தக் கதிர்வீச்சும்: ஃபிட்ஸ்ஜெரால்டு முதல் ஹாலேன் வரை (1879–1938)

ஆய்வுச் சுருக்கம்

காலத்தோடு மாறும் மின்னோட்டம் கடத்தியிலிருந்து ஆற்றலை அலையாக வெளியேற்றும் என்பது இன்று பாடநூல்களில் இடம்பெறும் அடிப்படை உண்மை. ஆனால், இக்கருத்து மாக்ஸ்வெல்லின் சமன்பாடுகளோடு உடன்பிறந்ததன்று. முதலில் மறுக்கப்பட்டு, பின்னர் கணிக்கப்பட்டு, அதன்பின் சோதனையால் நிறுவப்பட்டு, இறுதியில் முழுமையான சமன்பாடாக வடிவம் பெற்ற வரலாறு அதற்கு உண்டு. அவ்வரலாற்றில் மின்தடை சிறிதும் இல்லாத ‘நல்லியல்புக் கடத்தி’ என்னும் கற்பிதம் ஆற்றிய பங்கினை இக்கட்டுரை ஆராய்கிறது. கடத்தியின் மின்னோட்டத்தை முன்கூட்டியே அறிந்ததாகக் கொள்ளும் அணுகுமுறையும், அதனையே கண்டறிய வேண்டியதாகக் கொள்ளும் அணுகுமுறையும் வேறுவேறானவை என்பதும், இவ்வேறுபாடு தெளிவான பின்னரே கதிர்வீச்சு எங்கிருந்து புறப்படுகிறது என்னும் வினாவிற்குச் சரியான விடை கிடைத்தது என்பதும் இங்கு நிறுவப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: மின்காந்தக் கதிர்வீச்சு, நல்லியல்புக் கடத்தி, ஃபிட்ஸ்ஜெரால்டு, ஹெர்ட்ஸ் இருமுனை, பாக்லிங்டன், கதிர்வீச்சு மின்தடை, ஹாலேன் சமன்பாடு.

1. முன்னுரை

இயற்பியலில் கற்பிதப் பொருள்களுக்குத் தனி இடம் உண்டு. உராய்வற்ற தளம், நல்லியல்பு வாயு, புள்ளி நிறை முதலியன இயற்கையில் காணப்படாதவை. எனினும், ஒரு நிகழ்வில் கலந்துள்ள பல காரணங்களுள் ஒன்றைப் பிரித்தெடுத்து நோக்க அவை துணைபுரிகின்றன. மின்தடையற்ற நல்லியல்புக் கடத்தியும் அத்தகையதே. நடைமுறைக் கடத்தி ஒன்றில் அலைவுறும் மின்னோட்டம் இரு வழிகளில் ஆற்றலை இழக்கிறது. ஒன்று, கடத்தியின் மின்தடையால் தோன்றும் வெப்பம். மற்றொன்று, வெளிக்குள் பரவிச் செல்லும் கதிர்வீச்சு. மின்தடையைச் சுழியாகக் கொண்டால் முதல் இழப்பு மறைந்துவிடுகிறது. எஞ்சுவது கதிர்வீச்சு மட்டுமே. ஆகவே, நல்லியல்புக் கடத்தி கணக்கினை எளிதாக்கும் உத்தியாக மட்டும் அமையவில்லை. கதிர்வீச்சு என்னும் நிகழ்வையே தனித்துக் காட்டும் கருவியாகவும் அமைந்தது.

அக்கருவி ஒரே வடிவில் பயன்படவில்லை. சிறு வளையம், புள்ளி இருமுனை, மெல்லிய கம்பி, சைன் வடிவ மின்னோட்டம் தாங்கிய ஆன்டெனா என அது வடிவம் மாறியது. ஒவ்வொரு வடிவமும் ஒரு வினாவிற்கு விடை தந்து மற்றொரு வினாவை மறைத்தது. இம்மாற்றங்களைக் கால வரிசையில் தொகுத்து, ஒவ்வொன்றும் எதை விளக்கியது, எதை மறைத்தது எனக் காண்பது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2. மாக்ஸ்வெல்லுக்கு முன்னும் மாக்ஸ்வெல்லிடத்தும்

மின்தேக்கி ஒன்று கம்பிச் சுருளின் வழியே மின்னிறக்கம் அடையும்போது மின்னோட்டம் முன்னும் பின்னுமாக அலைவுறக் கூடும் என்பதை வில்லியம் தாம்சன் 1853இல் கணித முறையில் காட்டினார். பின்னாளில் கெல்வின் பிரபு எனப் பெயர் பெற்றவர் இவரே. அவருடைய கணிப்பில் அலைவு நேரம் மின்தேக்குத் திறனையும் தன் மின்தூண்டலையும் சார்ந்தது. அலைவு தணிவதற்குக் காரணம் மின்தடை ஒன்றே. அதாவது, மின்தடை அறவே இல்லாத சுற்று ஒன்று இருக்குமாயின் அதில் அலைவு முடிவின்றி நீடிக்கும். ஆற்றல் சுற்றைவிட்டு வெளியேற வேறு வழி அக்கணிப்பில் இல்லை.

ஜேம்ஸ் கிளார்க் மாக்ஸ்வெல் 1864 டிசம்பரில் இலண்டன் ராயல் கழகத்தில் அளித்து 1865இல் வெளியான கட்டுரையில் மின்காந்தப் புலத்திற்கான சமன்பாடுகளை முன்வைத்தார். இடப்பெயர்ச்சி மின்னோட்டம் என்னும் கருத்தால், மின் மற்றும் காந்த மாறுதல்கள் குறுக்கலைகளாகப் பரவும் என்பதும், அவற்றின் வேகம் ஒளியின் வேகத்தோடு ஒத்துப்போகிறது என்பதும் வெளிப்பட்டன. வேபரும் கோல்ராஷும் 1856இல் செய்த மின் அளவீடுகளிலிருந்து பெறப்பட்ட வேகம் விநாடிக்கு 3,10,740 கி.மீ. ஆகும். ஒளி ஒரு மின்காந்த அலை என்னும் முடிவிற்கு இவ்வொப்புமையே அடிப்படை.

எனினும், அத்தகைய அலையை ஆய்வுக்கூடத்தில் மின்சுற்று ஒன்றால் உண்டாக்கலாம் என்பதை மாக்ஸ்வெல் தம் வெளியீடுகளில் விவாதிக்கவில்லை. 1873இல் வெளிவந்த அவருடைய பெருநூலிலும் ஒளியின் பரவல் ஆராயப்பட்டதேயன்றி அதன் தோற்றுவாய் ஆராயப்படவில்லை. அலை எவ்வாறு செல்கிறது என்பதற்கு அவரிடம் விடை இருந்தது. மின்னோட்டம் அதனை எவ்வாறு பிறப்பிக்கிறது என்பதற்கு இல்லை. 1879 நவம்பரில் அவர் மறைந்தபோது இவ்வினா திறந்த நிலையிலேயே இருந்தது.

3. ஃபிட்ஸ்ஜெரால்டின் மறுப்பும் திருத்தமும்

அதே 1879ஆம் ஆண்டில் டப்ளின் டிரினிட்டி கல்லூரியைச் சேர்ந்த ஜார்ஜ் பிரான்சிஸ் ஃபிட்ஸ்ஜெரால்டு இவ்வினாவை நேரடியாக எடுத்துக்கொண்டார். கடத்திகளில் மின்னோட்டத்தை மாற்றுவதன் மூலம் ஈதரில் அலைகளைத் தோற்றுவிக்க இயலுமா என ஆராய்ந்த அவர், இயலாது என்னும் முடிவிற்கு வந்தார். கடத்திகளின் அமைப்பு ஒன்றில் ஆற்றல் கடத்திகளுக்கும் அவற்றைச் சூழ்ந்த புலத்திற்கும் இடையே மாறிமாறிச் செல்லுமேயன்றி அமைப்பைவிட்டு நிலையாக நீங்காது என்பது அம்முடிவின் சாரம்.

இம்மறுப்பின் விளைவு சிறிதன்று. மின்முறையில் ஒளியை உண்டாக்கும் வழிகளைக் குறித்து அக்காலத்தில் சிந்தித்துவந்த ஆலிவர் லாட்ஜ் அம்முயற்சியைத் தொடரவில்லை. மாக்ஸ்வெல் கோட்பாட்டை ஏற்றவர்களிடமிருந்தே அக்கோட்பாட்டின் மிக முக்கியமான விளைவிற்கு எதிரான நிறுவல் வந்தது என்பது கருதத்தக்கது. சமன்பாடுகள் சரியாக இருப்பது மட்டும் போதாது. அவற்றின் தீர்வுகளுள் எதனைத் தேர்வது என்பதிலும் பிழை நேரலாம் என்பதற்கு இது தக்க சான்று.

ஃபிட்ஸ்ஜெரால்டே 1882இல் அப்பிழையைக் கண்டறிந்தார். ராலே பிரபுவின் ஒலியியல் நூலில், அதிரும் பொருள் ஒன்றிலிருந்து ஒலி வெளிநோக்கிப் பரவுவதைக் கணிக்கும் முறை அவருக்கு வழிகாட்டியது. மூலத்தில் நிகழும் மாற்றம் தொலைவிலுள்ள புள்ளியை உடனடியாக எட்டுவதில்லை. அலை அவ்விடத்தை அடையும் காலம் கழித்தே எட்டுகிறது. இக்காலத்தாழ்வைக் கணிப்பில் சேர்த்ததும் முடிவு தலைகீழானது. 1883இல் சவுத்போர்ட்டில் கூடிய பிரித்தானிய அறிவியல் முன்னேற்றச் சங்கத்தில், மாறுதிசை மின்னோட்டங்கள் கதிர்வீச்சால் இழக்கும் ஆற்றலைப் பற்றிய தம் கணிப்பை அவர் முன்வைத்தார்.

அவர் எடுத்துக்கொண்டது அலைநீளத்தைவிட மிகச் சிறிய வளையம். அதன் எப்புள்ளியிலும் ஒரே அளவான மின்னோட்டம் சைன் முறையில் மாறுவதாகக் கொண்டார். வெளியேறும் திறன் மின்னோட்டத்தின் இருமடிக்கும், வளையப் பரப்பின் இருமடிக்கும், அதிர்வெண்ணின் நான்மடிக்கும் நேர்விகிதத்தில் அமைகிறது என்பது முடிவு. அதிர்வெண் பத்து மடங்கானால் கதிர்வீச்சு பத்தாயிரம் மடங்காகும். ஆகவே, மெதுவாக மாறும் மின்னோட்டங்களில் இந்நிகழ்வு ஏன் எவர் கண்ணிலும் படவில்லை என்பதும், மிக விரைவான அலைவுகளைத் தேட வேண்டும் என்பதும் ஒருங்கே விளங்கின. மின்தேக்கியைச் சிறிய மின்தடையின் வழியே மின்னிறக்கி அத்தகைய விரைவான அலைவுகளைப் பெறலாம் எனவும் அவர் அதே கூட்டத்தில் கூறினார். ஆயினும், அவ்வலைகளை உணரும் கருவி ஏதும் அவரிடம் இல்லை.

இக்கணிப்பின் வரலாற்று முக்கியத்துவம் தாம்சனின் சுற்றோடு ஒப்பிடும்போது தெளிவாகும். தாம்சனின் கணிப்புப்படி மின்தடையற்ற சுற்றில் அலைவு என்றும் நீடிக்கும். ஃபிட்ஸ்ஜெரால்டின் கணிப்புப்படி அத்தகைய சுற்றிலும் அலைவு தணியும். வெப்பமாக மாறாத ஓர் இழப்பு இருப்பதை நல்லியல்புக் கடத்தியே வெளிக்கொணர்ந்தது.

4. ஆற்றல் செல்லும் வழி: பாயிண்டிங்கும் ஹெவிசைடும்

1884இல் ஜான் ஹென்றி பாயிண்டிங், மின்காந்தப் புலத்தில் ஆற்றல் செல்லும் திசையும் அளவும் அவ்விடத்து மின்புலம், காந்தப்புலம் ஆகிய இரண்டின் வெக்டர் பெருக்கத்தால் அறியப்படும் என நிறுவினார். ஆலிவர் ஹெவிசைடும் தனித்து இம்முடிவை எட்டினார். மாக்ஸ்வெல்லின் சமன்பாடுகளை இன்று வழங்கும் நான்கு வெக்டர் சமன்பாடுகளாகச் சுருக்கியவரும் அவரே.

பாயிண்டிங் தேற்றம் அக்காலத்துப் பொதுவான எண்ணத்திற்கு மாறான ஒன்றைக் கூறியது. மின்கலத்திலிருந்து விளக்கிற்கு ஆற்றல் கம்பியின் உள்ளே பாய்ந்து செல்வதில்லை. கம்பியைச் சூழ்ந்த வெளியின் வழியே செல்கிறது. கம்பிக்குள் பக்கவாட்டில் நுழையும் சிறு பகுதி அங்கு வெப்பமாக மாறுகிறது. மின்தடை குறையக் குறைய அப்பகுதியும் குறையும். நல்லியல்புக் கடத்தியின் பரப்பில் மின்புலத்தின் தொடுகோட்டுத் திசைக் கூறு சுழி. எனவே, அப்பரப்பின் வழியே ஆற்றல் உள்ளே நுழைவதும் இல்லை, வெளியே வருவதும் இல்லை.

இக்கூற்றின் இரண்டாம் பகுதியை அக்காலத்தில் எவரும் கதிர்வீச்சோடு இணைத்து நோக்கவில்லை. நல்லியல்புக் கடத்தியின் பரப்பிலிருந்து ஆற்றல் வெளியே வராது எனில், கதிர்வீச்சின் ஆற்றல் எங்கிருந்து புறப்படுகிறது? இவ்வினா பல பத்தாண்டுகள் கழித்தே கூர்மை பெற்றது.

5. ஹெர்ட்ஸ்: சோதனையும் புள்ளி இருமுனையும்

ஹெல்ம்ஹோல்ட்ஸின் தூண்டுதலால் பெர்லின் அறிவியல் கழகம் 1879இல் மாக்ஸ்வெல் கோட்பாட்டின் அடிப்படைக் கருதுகோள் ஒன்றைச் சோதிக்கப் பரிசு அறிவித்தது. அவருடைய மாணவரான ஹைன்ரிக் ஹெர்ட்ஸ், எதிர்பார்க்கக்கூடிய விளைவு மிகச் சிறிது எனக் கணித்து அப்போது அப்பணியை ஏற்கவில்லை. 1885இல் கார்ல்ஸ்ரூஹே தொழில்நுட்பக் கல்லூரியில் பேராசிரியரான பின்னரே அதற்குத் தக்க கருவி அவர் கைக்கு வந்தது. தூண்டு சுருளால் மின்னூட்டப்பட்டு, நடுவில் தீப்பொறி இடைவெளியும் இரு முனைகளில் கோளங்களோ தகடுகளோ உடைய நேர்க்கம்பி அவருடைய அலைவி. சிறு இடைவெளியுடைய கம்பி வளையம் அவருடைய உணர்வி. 1887, 1888 ஆகிய ஆண்டுகளில் அவர் நிகழ்த்திய சோதனைகள் காற்றில் மின்காந்த அலைகளின் பரவலையும் எதிரொளிப்பையும் விலகலையும் முனைவாக்கத்தையும் நிலைநாட்டின.

இச்சோதனைகளுக்கான கோட்பாட்டு விளக்கம் 1889இல் வெளியானது. இதில் ஹெர்ட்ஸ் தம் அலைவியை முழுமையாகக் கணக்கில் கொள்ளவில்லை. கோளங்களின் வடிவையும், கம்பியின் தடிமனையும், தீப்பொறியின் நடத்தையையும் ஒதுக்கிவிட்டு, சைன் முறையில் மாறும் புள்ளி இருமுனையாக அதனைச் சுருக்கினார். இச்சுருக்கத்தால் இருமுனையைச் சூழ்ந்த புலம் முழுவதையும் அவரால் எழுத முடிந்தது. மிக அருகில் மின்புலம் நிலைமின் இருமுனையின் புலத்தைப் போலத் தொலைவின் மும்மடிக்கு எதிர்விகிதத்தில் குறைகிறது. தொலைவில் தொலைவிற்கே எதிர்விகிதத்தில் குறைகிறது. இருமுனையின் அச்சுத் திசையில் கதிர்வீச்சு இல்லை. அதற்குச் செங்குத்தான தளத்தில் அது பெருமம். அலைவின் வெவ்வேறு கட்டங்களில் விசைக்கோடுகள் இருமுனையிலிருந்து பிரிந்து மூடிய வளையங்களாக வெளிநோக்கிச் செல்வதை அவர் வரைந்த படங்கள் இன்றும் பாடநூல்களில் இடம்பெறுகின்றன.

அக்கட்டுரையின் மற்றொரு முடிவு எண்களால் ஆனது. தம் அலைவி கதிர்வீச்சால் இழக்கும் ஆற்றலை ஹெர்ட்ஸ் கணித்தார். அதன் அலைவைத் தொடக்க வலிமையிலேயே நீடிக்கச் செய்ய ஏறத்தாழ 22 குதிரைத்திறன் தேவை என்பது அவர் கண்ட அளவு. மேசைமீது வைக்கத்தக்க கருவி ஒன்று ஒரு பெரும் எந்திரத்தின் திறனைக் கணநேரம் வெளியிடுகிறது. ஆகவே, அதன் அலைவுகள் சில சுற்றுகளிலேயே தணிந்துவிடுகின்றன. தீப்பொறியின் மின்தடையைக் கருதாமலேயே, கதிர்வீச்சு மட்டுமே அத்தணிவிற்குப் போதுமான காரணமாகிறது என்பதை இக்கணிப்பு காட்டியது. அலைவின் தணிவையும் சேர்த்து இருமுனையின் புலத்தைக் கணிக்கும் பணியைக் கார்ல் பியர்சனும் ஆலிஸ் லீயும் 1899இல் மேற்கொண்டனர்.

புள்ளி இருமுனையின் வெற்றி அதன் குறையையும் மறைத்தது. கடத்தி ஒரு புள்ளியாகச் சுருங்கியதால் ‘கடத்தியில் மின்னோட்டம் எவ்வாறு பரவியுள்ளது’ என்னும் வினாவே எழவில்லை. அவ்வினா சோதனையில் வேறு வகையில் தலைதூக்கியது. கம்பியின் வழியே செல்லும் அலையின் வேகம் காற்றில் செல்லும் அலையின் வேகத்தைவிட மிகக் குறைவாக ஹெர்ட்ஸின் தொடக்க அளவீடுகளில் காணப்பட்டது. நற்கடத்தியாலான கம்பியில் இரண்டும் சமமாக இருக்க வேண்டும் என்பது கோட்பாடு. ஜெனீவாவில் சாராசினும் தெ லா ரீவும் 1893இல் பெரிய கூடத்தில் சோதனையை மீண்டும் நிகழ்த்தி இரு வேகங்களும் சமம் எனக் காட்டினர். ஹெர்ட்ஸின் அறையளவும் சுவர்களும் அளவீட்டைத் திரித்திருந்தன. அவருடைய அலைவு நேரக் கணிப்பில் மின்தேக்குத் திறன் தவறாகக் கொள்ளப்பட்டிருந்ததைப் பொய்ன்கரே சுட்டிக்காட்டினார். ஹெர்ட்ஸ் அதனை ஏற்றுக்கொண்டார். கடத்தியின் வடிவம் புறக்கணிக்கத்தக்கதன்று என்பதை இந்நிகழ்வுகள் உணர்த்தின.

6. மெல்லிய கம்பி: பாக்லிங்டனும் ஆபிரகாமும்

மின்னோட்டத்தை அறிந்ததாகக் கொள்ளாமல் அதனையே தேட வேண்டிய அளவாகக் கொண்ட முதல் முக்கிய முயற்சி எச். சி. பாக்லிங்டன் 1897இல் கேம்பிரிட்ஜ் மெய்யியல் கழக நடவடிக்கைகளில் வெளியிட்ட கட்டுரையாகும். அவர் எடுத்துக்கொண்ட கடத்தி, ஆரம் மிகச் சிறியதாகிய நல்லியல்புக் கம்பி. மின்னோட்டம் கம்பியின் அச்சில் குவிந்திருப்பதாகவும், அது உண்டாக்கும் மின்புலத்தின் தொடுகோட்டுக் கூறு கம்பியின் பரப்பில் சுழியாக வேண்டும் எனவும் நிபந்தனை விதித்தார். இந்நிபந்தனையிலிருந்து மின்னோட்டத்திற்கான தொகையீட்டு-வகைக்கெழுச் சமன்பாடு பிறந்தது. இன்று அது அவர் பெயராலேயே வழங்குகிறது.

கம்பி மிக மெலிந்ததாயின் சமன்பாட்டில் ஓர் உறுப்பு மற்றவற்றை விஞ்சி நிற்கிறது. நீளத்திற்கும் ஆரத்திற்கும் இடையிலான விகிதத்தின் மடக்கை அவ்வுறுப்பில் காரணியாக வருகிறது. அவ்வுறுப்பை மட்டும் கொண்டால் மின்னோட்டம் கம்பி நெடுகிலும் சைன் வடிவில் அமையும். அதன் அலை ஒளியின் வேகத்தில் செல்லும். கதிர்வீச்சின் விளைவு அடுத்த நிலைத் திருத்தமாகவே தோன்றும். எனவே, எல்லையற்ற மெலிவு என்னும் கற்பிதத்தில் மின்னோட்டத்தின் வடிவம் எளிமையாகிறது. ஆனால் அவ்வெளிமையின் விலையாகக் கதிர்வீச்சு கணிப்பின் ஓரத்திற்குத் தள்ளப்படுகிறது.

1898இல் மாக்ஸ் ஆபிரகாம் வேறு வழியைப் பின்பற்றினார். கோல் வடிவக் கடத்தியை நீண்ட நீள்வட்டத் திண்மமாகக் கொண்டு, அதன் தன்னியல்பான அலைவுகளை மாக்ஸ்வெல் சமன்பாடுகளிலிருந்து நேரடியாகப் பெற்றார். மெல்லிய கோலின் அடிப்படை அலைநீளம் அதன் நீளத்தைப் போல் ஏறத்தாழ இருமடங்கு. கோல் மெலிய மெலிய இவ்வுறவு துல்லியமாகிறது; கதிர்வீச்சால் நேரும் தணிவும் குறைகிறது. மின்தடையற்ற கடத்தியின் அலைவு எந்த அளவில் தணியும் என்பது இங்குக் கடத்தியின் வடிவத்தோடு இணைத்துக் கணிக்கப்பட்டது.

இவ்விரு ஆய்வுகளிலும் மடக்கை வகிக்கும் இடம் கவனத்திற்குரியது. நீள-ஆர விகிதம் 1,000 எனில் அதன் இயல் மடக்கை ஏறத்தாழ 6.9, விகிதம் 10,00,000 எனில் 13.8. அதாவது, கம்பியை ஆயிரம் மடங்கு மெலியச் செய்தாலும் மடக்கை இருமடங்கே ஆகிறது. ஆகவே, ‘எல்லையற்ற மெல்லிய கம்பி’ என்னும் எல்லை மிக மெதுவாகவே எட்டப்படுகிறது. நடைமுறைக் கம்பி எதுவும் அவ்வெல்லைக்கு மிக அருகில் இருப்பதில்லை.

7. பொறியாளரின் சைன் வளைவு

மார்க்கோனி 1895இல் தொடங்கிய கம்பியில்லாத் தந்தி முயற்சிகளும், 1901 டிசம்பர் 12 அன்று இங்கிலாந்தின் போல்டுவிலிருந்து நியூஃபவுண்ட்லாந்திற்குச் சமிக்ஞை எட்டியதாக அவர் அறிவித்ததும் கதிர்வீச்சை ஆய்வுக்கூடத்திலிருந்து தொழில்துறைக்குக் கொணர்ந்தன. பொறியாளருக்குத் தேவைப்பட்டது, குறிப்பிட்ட உயரமுள்ள ஆன்டெனா எவ்வளவு திறனை வெளியிடும் என்னும் ஒற்றை எண். அவ்வெண் ‘கதிர்வீச்சு மின்தடை’ எனப் பெயர் பெற்றது. ஆன்டெனாவிலிருந்து வெளியேறும் திறனை, அதே மின்னோட்டத்தில் அதே அளவு திறனை வெப்பமாக இழக்கும் மின்தடை ஒன்றால் குறிப்பது இதன் பொருள்.

நெடுகிலும் ஒரே அளவான மின்னோட்டம் தாங்கிய சிற்றிருமுனையின் கதிர்வீச்சு மின்தடை, நீளத்தை அலைநீளத்தால் வகுத்து வரும் ஈவின் இருமடியை ஏறத்தாழ 790 ஓமால் பெருக்கிக் கிடைக்கும். 1 மீட்டர் நீளமுள்ள இருமுனையில் 50 ஹெர்ட்ஸ் மின்னோட்டம் பாயுமாயின் அலைநீளம் 6,000 கி.மீ.; கதிர்வீச்சு மின்தடை ஓர் ஓமின் ஆயிரம் கோடியில் ஒரு பங்கைவிடக் குறைவு. அதே இருமுனையில் 1 கோடி ஹெர்ட்ஸ் மின்னோட்டம் பாயுமாயின் அலைநீளம் 30 மீட்டர். கதிர்வீச்சு மின்தடை ஏறத்தாழ 0.88 ஓம். அதிர்வெண் உயர்வதால் ஏற்படும் மாறுதலை இவ்விரு எண்களும் உணர்த்தும்.

அலைநீளத்தோடு ஒப்பிடத்தக்க நீளமுள்ள ஆன்டெனாக்களுக்குச் சிற்றிருமுனை போதாது. ஆகவே, மெல்லிய கம்பிக் கோட்பாட்டிலிருந்து சைன் வடிவ மின்னோட்டம் இரவல் பெறப்பட்டது. இவ்வழியில் 1917இல் வான் தெர் போலும், 1924இல் ஸ்டூவர்ட் பாலன்டைனும் நிலத்தின்மேல் நிற்கும் செங்குத்து ஆன்டெனாக்களை ஆராய்ந்தனர். அரை அலைநீள இருமுனைக்கு 73 ஓம் என்னும் புகழ்பெற்ற எண்ணும் இக்கற்பிதத்தின் விளைவே.

8. எங்கிருந்து புறப்படுகிறது?

கதிர்வீச்சு மின்தடையைத் தொலைவிலுள்ள கோளப் பரப்பின் வழியே செல்லும் ஆற்றலைக் கூட்டிக் கணிப்பது ஒரு முறை. லியோன் பிரில்லுவென் 1922இல் அதன் தோற்றுவாயை ஆராய்ந்து மற்றொரு முறையை முன்வைத்தார். ஆன்டெனாவின் மின்னோட்டம் ஆன்டெனாவின் பரப்பிலேயே உண்டாக்கும் மின்புலத்தைக் கணித்து, அதற்கெதிராக மின்னோட்டத்தைச் செலுத்தச் செய்ய வேண்டிய வேலையைக் கூட்டுவது இம்முறை. 1929இல் பிஸ்டோல்கோர்ஸும் 1932இல் கார்ட்டரும் இதனை வளர்த்தனர். அரை அலைநீள இருமுனைக்கு இம்முறையும் 73 ஓமையே தருகிறது.

எண் ஒன்றாயினும், அதன் பின்னுள்ள சித்திரத்தில் முரண் உள்ளது. சைன் வடிவ மின்னோட்டத்தால் கம்பியின் பரப்பில் கிடைக்கும் மின்புலத்தின் தொடுகோட்டுக் கூறு சுழியன்று. எனவே, ஆற்றல் கம்பியின் பரப்பு முழுவதிலிருந்தும் வெளியேறுவதாக இக்கணிப்பு கூறுகிறது. ஆனால், கம்பி நல்லியல்புக் கடத்தியாயின் அக்கூறு எங்கும் சுழியாக வேண்டும். பாயிண்டிங் தேற்றப்படி அப்பரப்பிலிருந்து ஆற்றல் எதுவும் புறப்பட இயலாது. ஒரே கடத்தியைப் பற்றிய இரு கூற்றுகளும் ஒருங்கே உண்மையாக இருக்க முடியாது.

இம்முரணின் தீர்வு, மின்னோட்டம் ‘கொடுக்கப்பட்டதா’, ‘கண்டறியப்படுவதா’ என்னும் வேறுபாட்டில் உள்ளது. வெளியில் சைன் வடிவ மின்னோட்டம் ஒன்றைக் கொடுக்கப்பட்டதாகக் கொண்டால், அது மூலமாகிறது. அதன் ஒவ்வொரு கூறும் ஆற்றலை வெளியிடலாம். அதனை நிலைநிறுத்தும் புறவிசைகள் கம்பி நெடுகிலும் பரவியிருப்பதாக அக்கற்பிதம் உட்கொள்கிறது. மாறாக, நடுவில் சிறு இடைவெளியில் மட்டும் ஊட்டப்படும் நல்லியல்புக் கம்பியைக் கொண்டால், மின்னோட்டம் அவ்வூட்டத்திற்கான மறுவினை. அங்கு ஆற்றல் இடைவெளியிலிருந்தே புலத்திற்குள் நுழைகிறது. கம்பி அதனை வழிநடத்துகிறது. எந்த இடத்திலும் தானாக வழங்குவதில்லை. உண்மை மின்னோட்டம் சைன் வடிவிலிருந்து சிறிது விலகியிருப்பதால்தான் பரப்பில் தொடுகோட்டுக் கூறு சுழியாகிறது.

இரு கணிப்புகளும் ஏன் ஒரே எண்ணைத் தருகின்றன என்பதற்கும் காரணம் உண்டு. பரப்பில் வேலையைக் கூட்டும் கோவை நிலைப்புத்தன்மை உடையது. அதாவது, மின்னோட்ட வடிவில் நேரும் சிறு பிழை விடையில் அப்பிழையின் இருமடி அளவிலேயே தோன்றும். 1954இல் ரம்சி முன்வைத்த வினைமாற்றக் கருத்து இதற்குப் பொதுவான அடிப்படையை அளித்தது. எனவே, 73 ஓம் நல்ல விடை. அதற்குக் காட்டப்படும் சித்திரம் நல்லதன்று. இருமுனையின் நீளம் முழு அலைநீளமாகும்போது சித்திரத்தின் குறை விடையிலும் வெளிப்படுகிறது. சைன் வடிவின்படி ஊட்டுமிடத்தில் மின்னோட்டம் சுழியாகி, உள்ளீட்டு மின்னெதிர்ப்பு எல்லையற்றதாகிறது. உண்மையான கம்பியில் அது பெரிதாயினும் வரையறைக்கு உட்பட்டதே.

9. ஹாலேனும் அதன்பின்னும்

கொடுக்கப்பட்ட மின்னோட்டத்தைக் கைவிட்டு, ஊட்டத்திலிருந்து மின்னோட்டத்தைப் பெறும் முறையை ஸ்வீடனைச் சேர்ந்த எரிக் ஹாலேன் 1938இல் உப்சாலா அறிவியல் கழக வெளியீட்டில் முறையாக வகுத்தார். பாக்லிங்டனின் சமன்பாட்டைத் தொகையிட்டுப் பெறத்தக்க தொகையீட்டுச் சமன்பாட்டை எழுதி, நீள-ஆர விகிதத்தின் மடக்கையை அடிப்படையாகக் கொண்ட தொடராக அதனைத் தீர்த்தார். தொடரின் முதல் உறுப்பு சைன் வடிவம். அடுத்த உறுப்புகள் கதிர்வீச்சின் பின்விளைவைக் கொணர்கின்றன. முழு அலைநீள இருமுனைக்கும் வரையறைக்குட்பட்ட விடை கிடைத்தது. 1941இல் பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த ஷெல்குனாஃப், இரட்டைக் கூம்பு வடிவ ஆன்டெனாவை அலைவழியாகக் கருதி வேறு திசையிலிருந்து இதே சிக்கலை அணுகினார். ஊட்டுமிடத்தில் புறப்பட்டுக் கூம்புகளால் வழிநடத்தப்படும் அலை, அவற்றின் முனைகளை எட்டிய பின் ஒரு பகுதி வெளிக்குள் விடுபட்டு மறுபகுதி திரும்புகிறது என்னும் அவருடைய சித்திரம், மேற்கண்ட தீர்வோடு பொருந்துகிறது.

கற்பிதங்களின் எல்லை இங்கும் முடிவடையவில்லை. நல்லியல்புக் கடத்தியில் ஊட்டும் இடைவெளி எல்லையற்ற அளவு குறுகியதாகக் கொள்ளப்பட்டால், அவ்விடைவெளியின் மின்தேக்குத் திறன் எல்லையற்றதாகிறது. மின்னோட்டம் அச்சில் குவிந்திருப்பதாகக் கொள்ளும் தோராய வடிவில் கம்பியை மிக நுண்ணிய துண்டுகளாகப் பகுத்தால், கணித விடை இயற்பியல் பொருளற்ற ஏற்ற இறக்கங்களைக் காட்டுகிறது. ஹாரிங்டன் 1968இல் வெளியிட்ட நூலின் வழியே பரவிய திருப்புத்திறன் முறை கணினியில் இச்சமன்பாடுகளைத் தீர்க்கும் பொது வழியானபோது, இவ்வெல்லைகளை அறிந்து கையாள வேண்டிய கடமையும் உடன்வந்தது.

10. முடிவுரை

மாறும் மின்னோட்டத்தின் கதிர்வீச்சு பற்றிய அறிவு ஒரே கண்டுபிடிப்பால் வந்ததன்று. ஃபிட்ஸ்ஜெரால்டின் வளையம் மின்தடையற்ற சுற்றும் ஆற்றலை இழக்கும் எனக் காட்டியது. ஹெர்ட்ஸின் புள்ளி இருமுனை அவ்வாற்றல் வெளியில் எவ்வாறு பரவுகிறது எனக் காட்டியது. பாக்லிங்டனும் ஆபிரகாமும் கடத்தியின் வடிவிலிருந்து மின்னோட்டத்தையும் அலைவையும் பெற வழிசெய்தனர். பொறியாளர்கள் அதன் எளிய வடிவைக் கொண்டு பயன்படு எண்களைப் பெற்றனர். ஹாலேன் அவ்வெளிமையைக் கடந்து ஊட்டத்திற்கும் மின்னோட்டத்திற்கும் உள்ள உறவை நிறுவினார்.

இவ்வரிசையில் முந்தையது பிழை, பிந்தையது சரி எனக் கொள்வது பொருந்தாது. ஒவ்வொரு கற்பிதமும் தனக்குரிய வினாவிற்குச் சரியான விடை தந்தது; அவ்வினாவைக் கடந்து விரித்தபோதே முரண் தோன்றியது. கொடுக்கப்பட்ட மின்னோட்டம் தொலைவிலுள்ள புலத்தை அறியப் போதுமானது. ஆற்றல் எங்கிருந்து புறப்படுகிறது என்பதை அறியப் போதுமானதன்று. பாடநூல்கள் பலவற்றில் இவ்விரண்டும் பிரிக்கப்படாமல், கம்பியின் ஒவ்வொரு துண்டும் ஆற்றலை உமிழ்வதாகக் கூறும் விளக்கமும், நல்லியல்புக் கடத்தியின் பரப்பில் தொடுகோட்டு மின்புலம் சுழி என்னும் நிபந்தனையும் அடுத்தடுத்த பக்கங்களில் இடம்பெறுகின்றன. கற்பிக்கும்போது இவ்விரு கூற்றுகளுக்கும் உரிய கற்பிதம் எது என்பதைச் சேர்த்துக் கூறினால், மாணவர் முரணென உணர்வது ஓர் ஆய்வுத் துறையின் அறுபது ஆண்டு வளர்ச்சியாகத் தெளிவுபெறும்.